முப்பது ஆண்டுகள் கழித்து வரும் கேள்வி: அமெரிக்க இளையோர் அமைப்புகளும் துன்புறுத்தல் காப்பீடும்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு பணிபுரியும் சிறிய அமைப்பு ஒன்று கால்பந்துக் குழுவாக இருக்கலாம், தேவாலயத்தின் இளையோர் குழுவாக இருக்கலாம், வாடகைக் கட்டடத்தில் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளியாகவும் இருக்கலாம். எதுவானாலும், பாலியல் துன்புறுத்தல் என்ற விஷயத்தை அது பெரும்பாலும் ஒரு படிவத்தின் வழியாகத்தான் முதன்முதலில் சந்திக்கிறது. கட்டடத்தை வாடகைக்கு விடுபவர் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார். பிறருக்கு நேரும் தீங்குக்கு அமைப்பு தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டோடு துன்புறுத்தலுக்கான காப்பீடும் அதில் இருக்க வேண்டும் என்கிறார். முகவரிடம் போனால் அவர் பல பக்கக் கேள்வித்தாளை அனுப்புகிறார். தன்னார்வலர்களின் பின்னணியைச் சோதிக்கிறீர்களா, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனித்திருக்க இடம் தருகிறீர்களா, புகார் வந்தால் யாரிடம் சொல்வீர்கள், இவையெல்லாம் எழுத்தில் உள்ளனவா என்று அது கேட்கிறது. பொருளாளர் இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறியிட்டு அனுப்பிவிடுகிறார். அந்த ‘ஆம்’களுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நாள் ஒரு வழக்கறிஞர் கேட்கக்கூடும், அதுவும் பொருளாளரும் நிர்வாகக் குழுவும் பலமுறை மாறிய பிறகு.

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. அன்றைய பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகள் பலவற்றில் துன்புறுத்தல் என்ற சொல்லே கிடையாது. அதனாலேயே, விலக்கப்படாத எல்லாவற்றையும்போல அதுவும் அவற்றுக்குள் அடங்கியிருந்ததாக வாதிட இடமிருந்தது. 1980-களின் நடுப்பகுதியில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மீதும் குழந்தைகள் காப்பகங்கள் மீதும் வழக்குகள் வெளிவரத் தொடங்கியபோதுதான் காப்பீட்டாளர்கள் விழித்துக்கொண்டு, துன்புறுத்தலை விலக்கும் விதியைப் பாலிசிகளில் ஒட்டத் தொடங்கினர். இன்று ஒரு பொதுப் பொறுப்பு பாலிசியில் இந்த விலக்கு இருப்பதே வழக்கம். துன்புறுத்தலுக்கான காப்பீடு வேண்டுமானால் தனியாகக் கேட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டித்தான் வாங்க வேண்டும். ‘எங்களிடம் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு இருக்கிறது’ என்று சொல்லும் அமைப்புகளில் சில, அந்தப் பத்து லட்சத்தில் ஒரு டாலர்கூட இந்த வகை வழக்குக்கு வராது என்பதை அறியாமலே இருக்கின்றன.

இந்தத் துறை எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் கதையே பெரிய சான்று. 2020 பிப்ரவரியில் டெலவேர் மாநிலத்தில் அந்த இயக்கம் திவால் மனு செய்தபோது அதன்மேல் நிலுவையில் இருந்த வழக்குகள் ஏறத்தாழ 275. கோரிக்கைகளைப் பதிவு செய்ய நீதிமன்றம் கெடு விதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் கெடு முடிந்தபோது, சிறுவயதில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை 82,000-ஐத் தாண்டியிருந்தது. 2022-ல் ஒப்புதல் பெற்று 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இழப்பீட்டுத் திட்டத்தின் அளவு 246 கோடி டாலர். அதில் பெரும்பங்கு காப்பீட்டாளர்களின் பணம்: ஹார்ட்ஃபோர்ட் நிறுவனம் மட்டும் 78.7 கோடியும், சப் குழுமத்தைச் சேர்ந்த செஞ்சுரி 80 கோடியும் தந்தன. சாரணர் குழுக்களுக்குத் தங்கள் கட்டடத்தில் இடம் தந்து ஆதரித்த ஐக்கிய மெதடிஸ்ட் தேவாலயங்களும் 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. குழுவை ஆதரித்தவரும் பொறுப்புக் கேள்விக்குத் தப்பவில்லை என்பதை, ‘நாங்கள் இடம் மட்டும்தானே கொடுத்தோம்’ என்று நினைக்கும் எவரும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமும் இதே பாதையில் போனது. அணி மருத்துவர் லாரி நாசரின் குற்றங்கள் வெளிவந்ததைத் தொடர்ந்து 2018 டிசம்பரில் திவாலாகி, 2021 இறுதியில் 38 கோடி டாலர் உடன்பாட்டுக்கு வந்தது. அவர் பணிபுரிந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே 50 கோடிக்கு உடன்பட்டிருந்தது.

பழைய நிகழ்வுகள் இவ்வளவு காலம் கழித்து நீதிமன்றத்துக்கு வர முடிந்ததற்குக் காரணம், மாநிலங்கள் காலவரம்புச் சட்டங்களைத் தளர்த்தியதுதான். சிறுவயதில் நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லப் பலருக்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பழைய சட்டமோ அவர்கள் இருபதுகளைத் தாண்டும் முன்பே கதவை அடைத்துவிட்டது. நியூயார்க் மாநிலம் 2019-ல் இயற்றிய சட்டம், பாதிக்கப்பட்டவர் 55 வயது வரை உரிமையியல் வழக்குத் தொடர வழிசெய்தது. அதோடு, காலாவதியான வழக்குகளையும் குறிப்பிட்ட காலத்துக்குள் தொடர 2019 ஆகஸ்டில் ஒரு சாளரத்தைத் திறந்து, அதை 2021 ஆகஸ்ட் வரை நீட்டித்தது. கலிஃபோர்னியா 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகள் சாளரம் திறந்தது. அதன் விளைவாக வந்த 6,800-க்கும் மேற்பட்ட கோரிக்கைகளைத் தீர்க்க லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 2025-ல் 400 கோடி டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டது. மேரிலாந்து 2023-ல் உரிமையியல் காலவரம்பையே நீக்கிவிட்டது. ஆகவே, இன்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பயிற்சிக்கு வரும் கட்டடத்தில் நடப்பதற்கு, அவள் நடுவயதைத் தொடும்போதும் அந்த அமைப்பு பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

காப்பீட்டு பாலிசியின் வகை இங்கேதான் முக்கியமாகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது, வீட்டின் விலையைக் கேட்டுவிட்டுப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதற்குச் சமம். பாலிசிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், தீங்கு பாலிசி நடப்பிலிருந்த காலத்தில் நேர்ந்திருந்தால் போதும். வழக்கு எப்போது வந்தாலும் அந்த ஆண்டின் பாலிசி பதில் சொல்லும். சாரணர் இயக்கத்தின் பழைய பாலிசிகள் இன்று பணம் தந்தது இந்த வகையில்தான். இரண்டாம் வகையில், கோரிக்கை எந்த ஆண்டில் எழுப்பப்படுகிறதோ அந்த ஆண்டின் பாலிசியே பதில் சொல்லும். அதிலும், பாலிசியில் குறித்த ஒரு பின்தேதிக்கு முன் நடந்தவை கணக்கில் வராது. இரண்டாம் வகை முதல் சில ஆண்டுகளில் மலிவாக இருக்கும். ஆனால் அமைப்பு காப்பீட்டாளரை மாற்றும்போது புதியவர் அந்தப் பின்தேதியைப் பிந்தைய நாள் ஒன்றுக்கு நகர்த்திவிட்டால், இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் யாருடைய பாலிசியிலும் இல்லாமல் போய்விடும். அமைப்பையே கலைத்துவிட்டாலும் இதே நிலைதான். பாலிசி முடிந்த பிறகும் கோரிக்கையை அறிவிக்க இடம் தரும் நீட்டிக்கப்பட்ட அறிவிப்புக் காலத்தைத் தனிப்பணம் கட்டி வாங்கினால்தான் சில ஆண்டுகளுக்காவது பாதுகாப்பு மிஞ்சும். துன்புறுத்தல் வழக்குகள் தாமதமாக வருவது இவற்றின் இயல்பு என்பதால், கிடைக்கும் இடத்தில் முதல் வகையை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. கிடைப்பதுதான் இப்போது அரிதாகிவருகிறது.

வகையைப் பார்த்த பிறகு வரம்பைப் பார்க்க வேண்டும். பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய தொகை அச்சாகியிருக்கும். துன்புறுத்தலுக்கான தொகையோ உள்ளே ஒரு பின்னிணைப்பில், அதில் பத்தில் ஒரு பங்காக இருக்கக்கூடும். வழக்கறிஞர் செலவு அந்தச் சிறிய தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்பது அடுத்த கேள்வி. உள்ளே என்றால், தீர்ப்பு வருமுன்பே எதிர்வாதச் செலவு பெட்டியைக் காலியாக்கிவிடும். ஒரே ஆள் பல ஆண்டுகள், பல பிள்ளைகளிடம் செய்ததை ஒரே நிகழ்வாகக் கணக்கிடும் விதி பல பாலிசிகளில் உண்டு. அப்போது எத்தனை ஆண்டுகளுக்குப் பிரீமியம் கட்டியிருந்தாலும் ஒரே ஓர் ஆண்டின் வரம்புதான் கிடைக்கும். அடிப்படைப் பாலிசிக்கு மேலே குடைபோல வாங்கும் கூடுதல் பாலிசியும் துன்புறுத்தலை விலக்கியிருக்கலாம். கட்டடத்தை வாடகைக்கு விடுபவர் கேட்கும் சான்றிதழ் ஒரு தகவல் தாள் மட்டுமே, அந்தத் தாளால் எந்த உரிமையும் பிறப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உண்மை பாலிசியின் பின்னிணைப்புகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்காத நிர்வாகக் குழுக்கள்தான் அதிகம்.

யாருக்காக இந்தக் காப்பீடு என்பதிலும் குழப்பம் உண்டு. குற்றம் செய்தவருக்கு அது கேடயமாகாது; வேண்டுமென்றே செய்த தீங்கை எந்தக் காப்பீட்டாளரும் ஏற்பதில்லை. அமைப்பு அவரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதது, கண்காணிக்காதது, எச்சரிக்கை வந்த பிறகும் பணியில் வைத்திருந்தது ஆகிய கவனக்குறைவுகளுக்கே அது பதில் சொல்கிறது. 1997-ல் இயற்றப்பட்ட தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது காப்பீடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சட்டம் தன்னார்வலரின் சாதாரணக் கவனக்குறைவை மட்டுமே மன்னிக்கிறது. பாலியல் குற்றத்தை அது வெளிப்படையாகவே விலக்கிவிட்டது, அமைப்பின் பொறுப்பை அது தொடவே இல்லை.

இப்படிப் பார்த்தால் காப்பீட்டாளரின் கேள்வித்தாளும் குழந்தைப் பாதுகாப்பு வல்லுநரின் கேள்விகளும் ஏன் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பது விளங்கும். பிற்காலத்தில் நீதிமன்றம் கவனக்குறைவு என்று எதைச் சொல்லுமோ அதையே காப்பீட்டாளர் இன்று கேட்கிறார். கலிஃபோர்னியா இந்த உறவைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, இளையோர் சேவை அமைப்பின் நிர்வாகிகள், ஊழியர்கள், தொடர்ந்து பணிபுரியும் தன்னார்வலர்கள் ஆகியோருக்குக் கைரேகை வழியான பின்னணிச் சோதனையும், துன்புறுத்தலை அடையாளம் கண்டு புகார் செய்வதற்கான பயிற்சியும் கட்டாயம். மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ, ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ பிள்ளைகளோடு நேரடியாகப் பணிபுரிபவர் தொடர்ந்து பணிபுரியும் தன்னார்வலர் ஆகிறார். வாரம் ஒரு மணி நேர வகுப்பு எடுப்பவரும் ஓர் ஆண்டில் இந்த எல்லையைக் கடந்துவிடுவார். துன்புறுத்தலைப் புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் கூடியவரை இரண்டு பேராவது பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்ற கொள்கையையும் அமைப்பு வைத்திருக்க வேண்டும். இவை பின்பற்றப்படுவதற்கான ஆதாரத்தைப் பாலிசி எழுதும் முன் காப்பீட்டாளர் கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அரசு ஆய்வாளர் எட்டிப் பார்க்காத சிறு அமைப்புகளுக்கு, ஆண்டுதோறும் பிரீமியத்தைப் புதுப்பிக்கும் காப்பீட்டாளரே நடைமுறையில் ஆய்வாளராகிவிட்டார். இது முழுக்க நல்லதென்று சொல்ல மாட்டேன். படிவத்துக்காகவே கொள்கை எழுதும் பழக்கத்தை இது வளர்க்கிறது. இணையத்திலிருந்து நகலெடுத்த கொள்கையில் வேறோர் அமைப்பின் பெயர் அப்படியே கிடப்பதும் நடக்கிறது. பின்பற்றாத கொள்கையைக் கோப்பில் வைத்திருப்பது வழக்கின்போது எதிர்த்தரப்புக்குத் தரும் பரிசு. அதைவிட ஆபத்தும் உண்டு: விண்ணப்பத்தில் பொய்யாகச் சொன்ன ‘ஆம்’ பாலிசி தரும் முடிவையே பாதித்தது என்று கருதப்பட்டால் காப்பீட்டாளர் பாலிசியையே செல்லாததாக்க முயலலாம்.

தடுப்பு என்றதும் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது பின்னணிச் சோதனை. அது தேவை, ஆனால் அதன் வலை மிகப் பெரிய துளைகள் கொண்டது. பிள்ளைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலோர் மீது முன் தண்டனை எதுவும் இருப்பதில்லை, ஏனென்றால் பெரும்பாலான நிகழ்வுகள் காவல் துறையை எட்டுவதே இல்லை. சுத்தமான அறிக்கை ஒருவரைப் பற்றிச் சொல்வது, அவர் இதுவரை பிடிபடவில்லை என்பதை மட்டுமே. 2007-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இளையோர் அமைப்புகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியும் சோதனையோடு நிற்கவில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் பழகும் முறைக்கான விதிகள், கண்காணிப்பு, இடத்தின் அமைப்பு, புகாருக்கான பதில், பயிற்சி என்று அடுக்கடுக்காகவே தடுப்பைக் கட்டச் சொன்னது.

அந்த அடுக்குகளில் அதிகப் பயன் தருவது எளிய ஒன்றுதான்: பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு பிறர் பார்வைக்கு அப்பால் தனித்திருக்கக் கூடாது. சாரணர் இயக்கம் 1980-களின் பிற்பகுதியிலேயே இரண்டு பெரியவர்கள் விதியைக் கொண்டுவந்தது. 2018 பிப்ரவரியில் சட்டமான பாதுகாப்பு விளையாட்டுச் சட்டம், அமெச்சூர் விளையாட்டு அமைப்புகளில் பிள்ளையும் பெரியவரும் தனித்திருக்கும் சந்தர்ப்பங்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால் விதி எழுதுவது சுலபம், ஒரு சனிக்கிழமை காலையில் அதை நடத்திக் காட்டுவது கடினம். ஆசிரியர் இருவர் வராத நாளில் என்ன செய்வது? பெற்றோர் அழைத்துப் போகத் தாமதமாகும் கடைசிப் பிள்ளையோடு யார் காத்திருப்பது? சின்னப் பிள்ளையைக் கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது? பயிற்சியாளர் காரில் வீடு கொண்டுவிடலாமா? விதி உடைவது இப்படிப்பட்ட இடங்களில்தான், அதுவும் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு உடைகிறது. அதனால் இந்தச் சந்தர்ப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வகுப்புக் கதவில் கண்ணாடிச் சாளரம் இல்லையென்றால் கதவைத் திறந்தே வைப்பது, கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு பேர் நிற்பது என்ற அளவுக்கு அது நுணுக்கமாகவும் இருக்க வேண்டும். கைபேசிச் செய்திக்கும் இதே தர்க்கம் பொருந்தும்: பிள்ளைக்கு அனுப்பும் எந்தச் செய்தியிலும் பெற்றோரோ இன்னொரு பெரியவரோ சேர்ந்திருக்க வேண்டும்.

விதி தெளிவாக இருப்பதன் பெரிய பயன், சின்ன மீறலைப் பற்றிப் பேச அது வழி தருவதுதான். துன்புறுத்துபவர் முதல் நாளே குற்றம் செய்வதில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு தருவார், பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார், சின்ன விதிகளை மீறி யாராவது கேட்கிறார்களா என்று பார்ப்பார். விதி இல்லாத இடத்தில் இதைப் பார்த்த சக தன்னார்வலர், ‘அவரைச் சந்தேகிப்பதா?’ என்று தயங்கி வாய் மூடிக்கொள்வார். விதி இருந்தால் சந்தேகம் என்ற பேச்சே வேண்டாம். ‘நேற்று கதவு சாத்தியிருந்தது’ என்று மட்டும் சொன்னால் போதும். அதைக் கேட்டுக் குறித்துவைக்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், அவரைப் பற்றியே புகார் வந்தால் அடுத்து யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கை அமைப்புகள் பொதுவாக மறந்துவிடுகின்றன. அமெரிக்க நீதித் துறை 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையின்படி, சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகக் காவல் துறையின் கவனத்துக்கு வந்தவர்களில் 35.6 சதவீதத்தினர் தாங்களே சிறார். இங்கே பின்னணிச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை. உடைமாற்றும் அறை, பேருந்தின் பின்வரிசை, இரவு முகாம், வெவ்வேறு வயதினர் கலந்து சும்மா இருக்கும் இடைவேளை ஆகிய இடங்களில் கண்காணிப்பு இருந்தால் மட்டுமே அது தடுபடும். பாலிசி இந்த வகைத் தீங்கையும் உள்ளடக்குகிறதா என்றும் கேட்க வேண்டும்.

புகார் வந்த நாளில் வரிசை முக்கியம். முதலில் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, காவல் துறைக்கோ மாநிலக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். யார் யார் கட்டாயமாகப் புகார் செய்ய வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பாதுகாப்பு விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 24 மணி நேரமே அவகாசம். ‘முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்’ என்பதுதான் இந்தத் துறையில் நல்லவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பது அதைப் புண்படுத்துவதோடு சாட்சியத்தையும் கெடுக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தடயத்தை அழிக்க நேரம் தருகிறது. அதே நாளில் காப்பீட்டாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கு வரும்வரை காத்திருந்தால், குறிப்பாக இரண்டாம் வகைப் பாலிசியில், தாமதமான அறிவிப்பு என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கக்கூடும். இங்கே ஓர் உண்மையான இழுபறி உண்டு. காப்பீட்டாளரின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ பாலிசி தடை விதிக்கும். குடும்பமோ ஓர் அன்பான சொல்லை எதிர்பார்த்து நிற்கும். ‘உங்கள் பிள்ளை சொன்னதைக் கேட்டோம், உடனே அதிகாரிகளிடம் தெரிவித்துவிட்டோம், உங்களோடு நிற்கிறோம்’ என்று சொல்வதைப் பொறுப்பு ஒப்புதலாகக் கொள்ள முடியாது. வழக்கறிஞரின் எச்சரிக்கையைக் காரணம் காட்டி மௌனமாகிவிடும் அமைப்புகள் பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துகின்றன. உளவியல் ஆலோசனைச் செலவை வழக்கு இல்லாமலே தரும் பிரிவு சில பாலிசிகளில் இருக்கிறது. வாங்கும்போதே அதைக் கேட்டுப் பெறலாம்.

புகார்களை எழுதிவைத்தால் அதுவே நமக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சம் நிர்வாகக் குழுக்களில் அடிக்கடி கேட்கிறது. அவர்கள் காட்டும் உதாரணமும் சாரணர் இயக்கம்தான்: தகுதி நீக்கப்பட்ட தலைவர்களைப் பற்றி 1920-களிலிருந்து அது ரகசியக் கோப்புகளைப் பராமரித்தது; 2010-ல் போர்ட்லாந்து நடுவர் குழு ஒன்று அந்தக் கோப்புகளைப் பார்த்த பின் 1.85 கோடி டாலரைத் தண்டனை இழப்பீடாக விதித்தது. 2012-ல் ஆரிகன் உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் பொதுவெளிக்கு வந்தன. ஆனால் அந்த இயக்கத்தைச் சாய்த்தது எழுதிவைத்தது அல்ல. எழுதிவைத்ததைப் பெற்றோரிடமும் காவல் துறையிடமும் பல நேரங்களில் சொல்லாமல் பூட்டிவைத்ததுதான் அதைச் சாய்த்தது. புகார் வந்தது, இன்ன நாளில் இன்ன அலுவலகத்துக்குத் தெரிவித்தோம், இன்ன நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டும் தாள் அமைப்புக்குத் துணையாகவே நிற்கும்.

பழைய பாலிசியைத் தேடுவது இப்போது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காப்பீட்டுத் தொல்லியல் என்றே அதற்குப் பெயர். 1970-களின் பாலிசி எண்ணைக் கண்டுபிடிக்கக் கூட்டக் குறிப்புகள், கணக்குப் பேரேடுகள், பழைய காசோலைகள், கட்டட உரிமையாளருக்கு அனுப்பிய சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றைப் புரட்டுகிறார்கள். கண்டுபிடித்தாலும் அந்தக் காப்பீட்டாளர் இன்று இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. மறைமாவட்டங்கள் பலவற்றின் பழைய பாலிசிகளைச் சுமந்த ஆரோவுட் நிறுவனம் 2023 நவம்பரில் டெலவேர் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. அமைப்பின் செயலாளர் மாறும்போது வங்கிக் கையெழுத்தும் கட்டடச் சாவியும் இணையதளக் கடவுச்சொல்லும் கைமாறுகின்றன. பின்னிணைப்புகளோடு கூடிய பாலிசியின் முழுப் பிரதி, காப்பீட்டாளருக்கு அனுப்பிய விண்ணப்பம், அந்த ஆண்டு யார் எந்த வகுப்பில் இருந்தார்கள் என்ற பட்டியல், பயிற்சிச் சான்றுகள் ஆகியவை அந்தக் கைமாற்றத்தில் இடம்பெறுவதில்லை. அவை முந்தைய பொருளாளரின் பழைய மடிக்கணினியிலோ, அவர் வேலை மாறிப் போன ஊரின் நிலவறைப் பெட்டியிலோ கிடக்கின்றன.